காகிதமே இல்லாத ஆபீஸ்

என் ஆபீஸில் நான்தான் முதலாளி. வாசல் பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆனால் உள்ளே வந்து ஒரு வீட்டு பிளானைக் கேட்டுப் பாருங்கள். நான் என் மனைவியைப் பார்ப்பேன். அவள் தலையைக்கூட நிமிர்த்தாமல், "ரெண்டாவது பீரோ, மேல்தட்டு, பச்சை ஃபைல்" என்பாள். வந்தவர் அதற்குப் பிறகு என்னிடம் பேசவே மாட்டார்.

வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் போட்டுத் தருவது என் தொழில். கோடு போடுவது நான், ஆட்டி வைப்பது அவள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தேன். பீரோவை ஒழித்துவிட்டால் இவளுக்கு இங்கே என்ன வேலை?

"இனிமே நம்ம ஆபீஸ்ல காகிதமே கிடையாது. எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல ஏத்தறோம்."

"யாரு ஏத்தறது?"

"நீதான்."

"ஏத்தி முடிச்சதும்?"

"வீட்டுல நிம்மதியா இரு. பாவம், எவ்வளவு நாள்தான் உழைப்பே?"

என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

ஸ்கேன் செய்து முடித்தாள். பழைய பேப்பர்காரர் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போனார். காலி பீரோவைத் தட்டிப் பார்த்தேன், காதுக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது.

"கம்ப்யூட்டர் படுத்துட்டா என்னங்க பண்ணுவீங்க?"

"அதுக்குத்தான் நகல் எடுக்கறேன், பாரு." திரையில் இருந்ததையெல்லாம் வளைத்துப் பிடித்து ஒரு பென் டிரைவில் போட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

"அவ்வளவுதானா? பீரோ பீரோவா இருந்துச்சே!"

"அதாம்மா தொழில்நுட்பம்! இதுல இன்னும் முக்கால்வாசி காலி."

"அது எனக்கும் தெரியுது" என்றாள், என் நெற்றிக்கு மேலே பார்த்தபடி.

மறுநாள் முதல் அவள் வீட்டில். நான் தனிக்காட்டு ராஜா. காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டர் செத்துப்போகும் வரை.

அது செத்த அன்றுதானா கான்ட்ராக்டர் போன் செய்ய வேண்டும்?

"சார், கான்கிரீட் வண்டி வந்து நிக்குது. மாடிப்படி வீட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?"

"ஒரு நிமிஷம்" என்று பென் டிரைவைப் பக்கத்துக் கடைக் கம்ப்யூட்டரில் செருகினேன். எதைத் தொட்டாலும் 'கோப்பு இல்லை' என்றது. நான் நகல் எடுத்தது கோப்புகளை அல்ல. அவை எங்கே இருக்கின்றன என்று கைகாட்டும் ஷார்ட்கட்டுகளை. பீரோவைக் கோட்டை விட்டுவிட்டு, 'ரெண்டாவது பீரோ, மேல்தட்டு' என்பதை மட்டும் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன்!

வீட்டுக்கு ஓடினேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மாடிப்படி..." மூச்சு வாங்கியது.

"வெளியே. கிழக்குப் பக்கம். நீங்க 'ஒரு நிமிஷம்'னு இழுத்ததுமே கான்ட்ராக்டர் எனக்கே போன் பண்ணிட்டார். சொல்லியாச்சு."

"உனக்கு எப்படி..."

"நீங்க நகல் எடுத்த வேகத்தைப் பார்த்தேனே! அன்னிக்கே ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி எல்லாத்தையும் ஏத்திட்டேன். துணி பீரோவுல இருக்கு."

"கொடும்மா அதை!"

"எதுக்குத் தரணும்? என்னை விரட்டத்தானே இந்தக் கூத்து? நேரா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே போயிருப்பேன். அதையும் என் கையாலேயே செய்ய வச்சீங்களே."

குரலை உயர்த்தவில்லை. அதுதான் சுட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, டிஸ்க் அவள் கையில் இருக்கிறதே என்ற எரிச்சல் பெரிதாக இருந்தது.

"சரி, தப்புதான். நாளைக்கே ஆபீஸுக்கு வந்துடு."

"வரமாட்டேன். நீங்க சொன்ன மாதிரி வீட்டுல நிம்மதியா இருக்கேன். எது வேணும்னாலும் வந்து கேளுங்க, பிரிண்ட் எடுத்துத் தரேன்."

இப்போது என் ஆபீஸில் காகிதமே இல்லை. கோப்பும் இல்லை. யார் வந்து எதைக் கேட்டாலும், "உட்காருங்க, இதோ வந்துடறேன்" என்று முதலாளி நான் வீட்டுக்கு ஓடுகிறேன். அவள் தலையைக்கூட நிமிர்த்துவதில்லை.

"மேஜை மேல வச்சிருக்கேன், எடுத்துக்கோங்க. வந்ததுதான் வந்தீங்க, போறப்ப அந்தக் குப்பையையும் கொட்டிட்டுப் போங்க."