அக்காவின் பரிசமும் என் பழைய கேமராவும்

புதிதாக ஒரு பொருளை வாங்கியவனை மூன்று மாதத்துக்கு எந்த விசேஷத்துக்கும் கூப்பிடக் கூடாது. என்னைக் கூப்பிட்டார்கள். அதுவும் அக்காவின் பரிசத்துக்கு, போட்டோ எடுக்க. (அவங்க எங்க கூப்பிட்டாங்க, நானாத்தான் போயி நின்னேன்.)

ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் அப்போதுதான் ஒரு ஃபிலிம் கேமரா வாங்கியிருந்தேன். ஃபிலிம் படத்துக்குத்தான் உயிர் இருக்கிறது என்று வீட்டில் ஓயாமல் பேசி, அக்கா ஏற்பாடு செய்திருந்த போட்டோக்காரரை வேண்டாமென்று சொல்ல வைத்தேன். அத்தோடு விட்டேனா? சடங்கு நடக்கும்போது யாரும் கைப்பேசியை நீட்டக் கூடாது என்றும் சட்டம் போட்டேன். ஆக, அக்காவுக்கு மிஞ்சப்போவது என் ஒரு ரோல் படம் மட்டும்தான்.

நாங்கள் முன்பு இருந்த ரப்பர் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பரிசம். சுற்றிலும் இப்போது ரப்பருக்குப் பதில் அடர்ந்த செம்பனை மரங்கள். பகலிலேயே உள்ளே இருட்டு. சித்தியவானிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் வரிசைத் தட்டுகளை அடுக்கினார்கள். தட்டுகளுக்கு நடுவே குத்துவிளக்கு, அதற்குப் பின்னால் அக்காவும் வருங்கால அத்தானும், அவர்களுக்குப் பின்னால் இரண்டு குடும்பமும்.

லென்சின் துளையைச் சுருக்கினால்தான் முன்னாலிருந்து பின்வரிசை வரை எல்லாம் தெளிவாக விழும். எதுவரை தெளியும் என்று முன்கூட்டியே பார்க்க அந்தக் கேமராவில் ஒரு சின்ன விசை உண்டு. அழுத்தினேன். ஒரே இருட்டு. துளை சுருங்கினால் வெளிச்சம் குறையத்தான் செய்யும், அது எனக்கு அப்போது தெரியாது. விசை கெட்டுப்போச்சு என்று நானே முடிவுகட்டி, துளையை முழுதாகத் திறந்தேன். எல்லாம் பளிச்சென்று ஆனது, என் புத்தியைத் தவிர.

அப்படித் திறந்தால் ஒரே ஒரு தூரத்தில் இருப்பதுதான் தெளியும். அந்தத் தூரத்தைப் பிடிக்க, கேமராவுக்குள் பார்க்கும்போது நடுவட்டத்தில் இரண்டு துண்டாகத் தெரியும் ஒரு நேர்கோட்டை ஒட்டவைக்க வேண்டும். முகத்தில் எங்கே நேர்கோடு? அத்தான் மூக்கே கொஞ்சம் வளைந்ததுதான். விளக்குத் தண்டோ நிமிர்ந்து நின்றது. அதை ஒட்டவைத்து, ரோல் முடியும்வரை எடுத்துத் தள்ளினேன்.

"தம்பி, சாப்பாடு ஆறுது லா. இன்னும் எவ்வளவு நேரம் சிரிக்கிறது?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"கொஞ்சம் பொறுங்க அத்தை, ஃபிலிம் வேலைன்னா அப்படித்தான்" என்றேன். (திமிரைப் பாருங்கள்.)

கழுவி வந்த படங்களை அக்கா மேசையில் பரப்பினாள். விளக்கு அற்புதமாக வந்திருந்தது. திரி, வழிந்த எண்ணெய், அம்மா புளி போட்டுத் தேய்க்கும்போது விட்டுப்போன கறை, எல்லாம் தெரிந்தது. அதற்குப் பின்னால், ஆவியில் வெந்துகொண்டிருப்பதுபோல் சில உருவங்கள். அக்கா எல்லாவற்றையும் பார்த்து முடித்து, மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

"ஒண்ணுல கூடவா நான் இல்ல?"

கத்தியிருந்தால் தேவலை. விளக்குக்கா பரிசம் போட்டோம் என்று அம்மா அவள் பங்குக்கும் சேர்த்துத் திட்டினார். எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது.

கல்யாணத்துக்குப் போட்டோக்காரர் வந்தார். அவர் பக்கம் நான் போகாமல் பார்த்துக்கொள்ள ஒரு சித்தப்பாவையே நியமித்தார்கள். அத்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால் உடனே உள்ளே நுழைவதில்லை. வாசலிலேயே நின்று, "மச்சான், நான் தெரியுறேனா, இல்ல இன்னும் கொஞ்சம் முன்னுக்கு வரணுமா?" என்று கேட்பார். இப்போது அவர் பிள்ளைகளும் பக்கத்தில் வரிசையாக நின்றுகொண்டு கேட்கிறார்கள்.