கடைசிக் கட்டில் எங்கீங்க?

செக்கிங் அக்காவைப் போல் குறை கண்டுபிடிக்க சேலம், நாமக்கல் இரண்டு ஜில்லாவிலும் ஆள் கிடையாது. சாமியே நேரில் வந்து நின்றாலும், அக்கா முதலில் சாமியின் வேட்டிக் கரையைத்தான் புரட்டிப் பார்ப்பார். இழை நேராக ஓடியிருந்தால்தான் கும்பிடு.

அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. மாத்திரைச் சீட்டில் எழுதியும் இருந்தது. ஆனால் ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் முதியோர் இல்லத்தில், அதை நடத்துகிற டாக்டரம்மா முதல் பால்காரர் வரை எல்லோருக்கும் அவர் செக்கிங் அக்காதான். குமாரபாளையத்தில் ஒரு லுங்கிக் கம்பெனியில் நாற்பது வருஷம் துணி செக்கிங் பார்த்தவர். அடியில் ட்யூப்லைட் எரிகிற கண்ணாடி மேசை. அதன்மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். எங்கே இழை விட்டிருக்கிறதோ, எங்கே எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதோ, அந்த இடத்துக்கு நேராகக் கரையில் ஒரு சிவப்பு நூலைக் கட்ட வேண்டும். பின்னால் வருகிறவர்கள் நூலைப் பார்த்துக் குறையைக் கண்டுகொள்வார்கள். அவ்வளவுதான் வேலை. வயசானதும் அக்கா வேலையை விட்டார். நூலை விடவில்லை. மற்றவர்கள் சுருக்குப்பை செருகியிருப்பார்களே, அதுபோல இடுப்பில் எப்போதும் ஒரு சிவப்பு நூல்கண்டு.

நான் அங்கே போனது இடுப்பு எலும்பு ஒடிந்து. நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் காட்டு வரப்பில் ஒரு நாளும் சறுக்காதவள், எழுபத்திரண்டு வயசில் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். ஆபரேஷன் முடிந்ததும், நடக்கப் பழகுகிற மூன்று மாதமும் பக்கத்தில் ஆள் வேண்டும் என்று பெங்களூரில் இருக்கும் மகன் என்னைக் கொண்டுவந்து சேர்த்தான். நாதியற்றவள் யாரோ வருகிறாள் என்று எவரும் நினைத்துவிடக் கூடாதே! மகன் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு சக்கர நாற்காலியில் போய் இறங்கினேன்.

கட்டிலில் உட்காரவைத்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. வெள்ளைச் சேலை, வெண்கலச் சட்டம் போட்ட கண்ணாடி, கொக்கு மாதிரி ஒல்லியாக ஒரு உருவம் வந்து நின்றது. வணக்கம் இல்லை, வாங்க இல்லை. என் முந்தானையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தது.

"ஏனுங்க அம்மிணி, இது எந்த ஊருத் தறிங்க?"

"சுத்தப் பட்டுங்க. சேலத்துல எடுத்தது," என்றேன், தலையை நிமிர்த்தி.

"பட்டு பட்டுத்தானுங்க. மூணு எழை விட்டுப் போச்சுங்களே! எடுக்கறப்பக் கண்ணத் தொறந்து பாக்கறதில்லீங்களா?"

சொல்லிக்கொண்டே கரையில் ஒரு நூலைக் கட்டிவிட்டுப் போயே போய்விட்டார். கல்யாணத்துக்கு வந்த ஒரம்பரை சனம் முழுக்க மெச்சின சேலை அது. அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு நாளில் தெரிந்துவிட்டது, நூல் எனக்கு மட்டும் இல்லை என்று. சொட்டுகிற குழாயில் ஒன்று. கொண்டி விழாத ஜன்னலில் ஒன்று. சத்தம் போடுகிற மின்விசிறிக்குக் கை எட்டாததால் அதன் சுவிட்சில் ஒன்று. சாம்பாரில் நூல் கட்ட முடியாது; உப்பு கூடினால் கரண்டிக் காம்பில் கட்டுவார். நெஞ்சில் வைத்தபோது ஜில்லென்று இருந்ததாம், டாக்டரம்மாவின் ஸ்டெதாஸ்கோப்பிலும் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. ஆயா சாந்தி பாடுதான் பெரும்பாடு. மாத்திரை கால் மணி நேரம் தாமதமானால் அவள் முந்தானையில் ஒரு நூல். சாயங்காலம் வேலை முடிந்து போகும்போது வேண்டுதல் மரம் மாதிரி போவாள்.

"அக்கா, எம்பட ஊட்டுக்காரரு கேக்கறாருங்க, எந்தக் கோயிலுக்குப் போய்ட்டு வாரேன்னு!"

"நாளைக்கு நேரத்துக்கு மாத்திரையக் குடு புள்ள. கோயிலுக்குப் போன புண்ணியமும் சேந்து கெடைக்கும்."

இந்தக் கோயில் பேச்சு நிஜமாகவே நடந்தது. எங்கள் கூடத்தில் ஒரு கமோடு நாற்காலி இருந்தது. ஒரு கால் ஆடும். அக்கா நான்கு சுற்றுச் சுற்றி அழுத்தமாக நூல் கட்டியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் தங்கள் அப்பாவைப் பார்க்க வந்தது. அந்த வீட்டு மருமகள் நூலைப் பார்த்தாள். குழாயில் நூல், ஜன்னலில் நூல், நாற்காலியில் கெட்டியான நூல். சரி, ஏதோ காப்புக் கட்டியிருக்கிறார்கள் என்று செருப்பைக் கழற்றி விட்டு, நாற்காலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்றைக்குப் பார்த்து அவள் மாமனார் வழக்கத்தைவிட இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டுவிட்டார். போதாதா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாற்காலிக்கு மஞ்சள், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. அதைப் பார்த்து இன்னொரு குடும்பமும் ஊதுபத்தி கொளுத்தியது. யாருக்கும் அதில் உட்காரத் தைரியம் வரவில்லை. மூன்று பேர் அவசரத்தில் திண்டாடிப் போனோம்.

அக்காவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே!

"கோணக்காலு நாற்காலிக்குப் பூவு வெக்கறாங்களே, இவுங்கள என்னன்னு சொல்றது! ஏனுங்க டாக்டரம்மா, நீங்க பாத்துட்டுச் சும்மா இருக்கறீங்களே!"

டாக்டரம்மா சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அக்காவைக் கையமர்த்திவிட்டு மறுநாளே ஆசாரியை வரவழைத்தார். நாற்காலிக்குக் கால் போட்டாயிற்று. அதோடு குழாய், ஜன்னல் என்று நூலைப் பார்த்துப் பார்த்து வேலை நடந்தது. ஒவ்வொன்றும் சரியானதும் அக்காவே கத்தரிக்கோலோடு போய், ஆட்டிப் பார்த்து, திருகிப் பார்த்து, பிறகு நூலை வெட்டுவார். திங்கட்கிழமை தோறும் டாக்டரம்மா கையில் ஒரு சின்ன நோட்டோடு நூல் நூலாகப் போய்ப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அக்கா இதற்கு முன்னால் இருந்த மூன்று இல்லங்களில், நூல்கண்டைப் பிடுங்கிக்கொண்டு ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். இங்கே நூல் தீர்ந்தால் டாக்டரம்மாவே வாங்கிக் கொடுப்பார்.

எனக்கும் அக்காவுக்கும் ஒட்டிக்கொண்டது எப்படி என்று சொல்கிறேன். எனக்கு ஒரு குணம். யாரையும் ஒன்றும் கேட்க மாட்டேன். பத்துப் பேருக்குப் பந்தி போட்டுப் பழகிய கை. ஒரு டம்ளர் தண்ணீர் கொடு என்று நீட்ட வராது. கட்டில் பக்கத்தில் பெல் இருந்தது. பாத்ரூம் போக வேண்டுமென்றால் அமுக்கச் சொல்லியிருந்தார்கள். நான் அமுக்கவில்லை. சாந்தி தானாக வரும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பேன். ஒரு நாள் கண் விழித்தால் பெல் வயரில் சிவப்பு நூல்.

"நல்லாத்தானே இருக்குதுங்க்கா? என்ன கொற கண்டீங்க?"

"அமுக்காம வெச்சிருக்கறீங்களே, அது கொறை இல்லீங்களா? வாங்கின பொருளப் பொழங்காம வெச்சிருந்தா அது வேஸ்ட்டுத்தானுங்க."

"எனக்குக் கேக்கறதுக்குக் கூச்சமா இருக்குதுங்க்கா."

அக்கா தானே பெல்லை அமுக்கிவிட்டுத் தன் கட்டிலுக்குப் போய்விட்டார். சாந்தி ஓடி வந்தாள். அன்றிலிருந்து ஒரு வாரம், எனக்கு வேண்டும்போதெல்லாம் எப்படித்தான் தெரியுமோ, அக்கா எழுந்து வந்து அமுக்குவார். எட்டாம் நாள் நானே அமுக்கினேன். நூலை வெட்டிவிட்டார்.

மூன்றாம் மாதம் முடிகிறபோது மகன் வந்தான். கையில் வழவழவென்று ஒரு படப் புத்தகம்.

"அம்மா, இனித் தனியா ஊட்டுல இருக்க முடியாது. பெங்களூரு வரமாட்டேன்னுட்டீங்க. சேலம் பைபாஸ்ல ஒரு எடம் இருக்குது, ஓட்டலாட்ட. ஏசி ரூமு, லிஃப்டு, எல்லாம் இருக்குது. ஒரே ஒரு ரூமுதான் காலி. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லோணும்."

நான் மூன்றாம் வகுப்பு தாண்டாதவள். எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் அவன் பக்கத்தைத் திருப்பிவிட்டான். ஆனால் படங்கள் நன்றாகத்தான் இருந்தன. இனி உயிர் இருக்கும் வரை நான் இருக்கப்போகும் இடம். ஒரு சேலை எடுப்பதற்கே கண்ணைத் திறந்து பார்க்கவில்லை என்று பேச்சு வாங்கினவள், இதை எப்படிப் பார்த்து எடுப்பது?

"அக்காவும் கூட வரட்டும்," என்றேன்.

மகன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஆனாலும் கூட்டிப் போனான். வழி நெடுக அக்கா கார் சீட்டுத் தையலைத் தடவிக்கொண்டே வந்தார்.

அந்த இடம் நிஜமாகவே ஓட்டல்தான். வாசலில் நீரூற்று. உள்ளே மீன் தொட்டி. டை கட்டின மேனேஜர் டைனிங் ஹாலைக் காட்டினார், டிவி ஹாலைக் காட்டினார், லிஃப்டில் ஏற்றி இறக்கினார். அக்கா எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். குழாய் சொட்டவில்லை. நாற்காலி ஆடவில்லை. நூல்கண்டைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தார். கட்ட ஓர் இடம் கிடைக்கவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

"ஏனுங்க சாமி, கடைசிக் கட்டில் எங்கீங்க?" என்றார் அக்கா திடீரென்று மேனேஜரிடம்.

"எதுக்குங்கம்மா கடைசிக் கட்டில்?"

"துணியில நடுவுல எவனும் தப்புப் பண்ண மாட்டானுங்க. எல்லாரும் பாக்கற எடம். கடைசியில வாரப்பத்தான் கை அசந்து போகும்."

அரை மனசோடு மேல் மாடிக் கோடிக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே ஓர் அம்மா படுத்திருந்தார். பேச்சில்லை, அசைவு குறைவு. விரிப்பு பால் மாதிரி வெள்ளை. தலைமாட்டு மேசையில் கண்ணாடி டம்ளரில் தளும்பத் தளும்பத் தண்ணீர், மேலே அழகாக ஒரு மூடி. ஆனால் மேசை கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. அந்த அம்மாவின் உதடு வெடித்துக் கிடந்தது.

நர்ஸ் பெண் சிரித்த முகமாகச் சொன்னாள்: "இவங்க ரொம்ப நல்ல பேஷண்ட்டுங்க. ஒரு தொந்தரவும் இல்ல. எதுவுமே கேக்க மாட்டாங்க."

அக்கா ஒரு ஸ்பூன் கேட்டு வாங்கினார். ஸ்பூன் ஸ்பூனாக முக்கால் டம்ளர் தண்ணீரை அந்த அம்மாவுக்குக் கொடுத்தார். வாயைத் துடைத்துவிட்டார். நூல்கண்டை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார்.

காரில் மகன் சிரித்தான். "பாத்தீங்களா பெரியம்மா, உங்களுக்கே ஒரு நூலு கட்ட எடம் கெடைக்கல."

"துணி இருந்தாத்தானே தம்பி கொறைக்கு நூலு கட்டறதுக்கு. அங்க துணியே இல்லியே," என்றார் அக்கா.

நான் மெதுவாக, "அப்ப நான் அங்க போக வேண்டாம்ங்கறீங்களா?" என்று கேட்டேன்.

"அத நான் சொல்லக் கூடாதுங்க அம்மிணி. செக்கிங் பாக்கறவ கொறையக் காட்டறதோட சரி. எடுக்கறதும் உடறதும் வாங்கறவங்க பாடு." சொல்லிவிட்டு முகத்தைக் கார் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அக்காவை இல்லத்தில் இறக்கிவிட்டு, மகன் என்னை நாமகிரிப்பேட்டைக்குக் கூட்டிப் போனான். எங்கே போவதானாலும் வீட்டை ஒதுங்கவைத்துப் பூட்ட வேண்டுமே. இரண்டு நாள் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தேன். எங்கள் இல்லத்திலும் கடைசிக் கட்டிலில் பேச்சில்லாத ஓர் அம்மா உண்டு. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சாந்தி, "என்ன மகாராணி, தாகமா?" என்று கேட்டு இரண்டு ஸ்பூன் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் நகருவாள். பதில் வராது, அவளும் கேட்பதை விடமாட்டாள். இல்லம் முழுக்க எத்தனை நூல்! அந்தக் கட்டிலில் மட்டும் ஒரு நூல்கூட நான் பார்த்ததில்லை.

நாளைக்கே எனக்கு வாய் போய்விட்டால்? கேட்கத் தெரியாதவள் நான். பேச்சு இருக்கும்போதே பெல் அமுக்காதவள்.

"பழைய எடத்துக்கே உடு கண்ணு," என்றேன்.

"அம்மா, அங்க ஃபேன் சத்தம் போடுதும்மா!"

"போடட்டும். நான் போடாத சத்தத்த அதாச்சும் போடட்டும்."

வெள்ளிக்கிழமை இல்லத்துக்குத் திரும்பி வந்து சேரும்போது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு. சோறு ஒரு நிமிஷம் தாமதமானாலும் அக்கா கரண்டியில் நூல் கட்டுகிறவர். ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குள் போனேன். மேசையெல்லாம் துடைத்துக் காலியாக இருந்தது. கோடியில் அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தார். எதிரே இரண்டு தட்டு, மூடி வைத்தபடி.

"மூணு நாளா இப்படித்தானுங்கம்மா," என்றாள் சாந்தி. "உங்க தட்டயும் போடச் சொல்லிப்போட்டு ரெண்டு மணி வரைக்கும் வாசலப் பாத்துட்டே உக்காந்திருக்கறாங்க. எடுக்கப் போனா வையறாங்க."

"சும்மா இரு புள்ள! சோறு கொதிக்கக் கொதிக்க இருந்துச்சு, ஆற வெச்சேன்," என்றார் அக்கா. என்னைப் பார்க்கவே இல்லை. "பெட்டி எங்கீங்க அம்மிணி?"

"கார்ல இருக்குதுங்க்கா. மகன் எறக்கிட்டு இருக்கறான்."

அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு பக்கத்து நாற்காலியை ஒரு கையால் இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். இரண்டு பேரும் தட்டைத் திறந்தோம்.

சோறு விறைத்துக் கிடந்தது. ரசம் பச்சைத் தண்ணீர். பொரியலில் உப்பே இல்லை. அக்கா ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டார். நானும் இன்னொரு கை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.