பெயர் வெளியிட விரும்பாத அன்பர்

சந்தா கட்டியவர்கள் இருநூறு பேர். புத்தகத்தை வாங்கிப்போக வந்தவர் ஒருவர்கூட இல்லை.

பிரசங்கியாரின் முப்பது வருடப் பிரசங்கங்கள் கெட்டி அட்டையில் அச்சாகி, கூடத்தில் இடுப்பளவுக்கு அடுக்கிக் கிடந்தன. பீரோவைத் திறக்க வழியில்லாமல் அவருடைய தம்பி நான்கு நாளாக ஒரே சட்டையில் இருந்தார். நிலம் அளக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடமாகியும் ஊருக்கு அவர் சர்வேயர்தான்.

புத்தகத்தின் பெயர் 'முடிவாக ஒரு சொல்'. அப்படிச் சொல்லிவிட்டு அண்ணன் இன்னும் ஒன்றரை மணி நேரம் நிற்காமல் பேசுவார். அதில் தம்பிக்குத் தலைகொள்ளாத பெருமை. சட்டை போனால் போகட்டும். அந்த அண்ணனின் புத்தகத்தைச் சீந்த ஆளில்லை என்று நாலு பேர் பேசினால் குடும்ப மானம் என்னாவது?

ஒரு பிரதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார்.

"உங்ககிட்டயே இருக்கட்டும் சார். பத்திரமா இருக்கும்," என்றார் கடைக்காரர், மாத்திரை அட்டையைக் கத்தரித்தபடி.

"நீங்க சந்தா கட்டின புத்தகம்யா இது!"

"கட்டினேன் சார். மனசு நிறைஞ்சுதான் கட்டினேன். அண்ணனுக்குத் தொண்டை எப்படி இருக்கு?"

"தொண்டைக்கென்ன, வெண்கல மணி!"

கடைக்காரர் பெருமூச்சு விட்டார்.

சர்வேயருக்குப் பொறி தட்டியது. முதல் பக்கத்துச் சந்தாதாரர் பட்டியலில் இவர் பெயர் தையல்காரருக்குக் கீழே! ரோஷம் இருக்காதா? அன்றைக்கே அச்சகத்துக்கு ஓடி, வாக்காளர் பட்டியலைப் பார்த்து வயது வரிசையில் புதுப் பட்டியல் அடித்து, அத்தனை பிரதியிலும் தன் கையாலேயே பசை தடவி ஒட்டினார்; மிஞ்சிய ஒன்றை ஊர் மண்டபத்துச் சுவரிலும் ஒட்டினார். முன்பு தலையில் இருந்த 'பெயர் வெளியிட விரும்பாத அன்பர் – பத்துப் பிரதிகள்', வயது தெரியாத காரணத்தால் கடைசிக்கு இறங்கியது.

அந்தப் புண்ணியவான் யார் என்று யோசித்துச் சர்வேயருக்கு மண்டை காய்ந்ததுதான் மிச்சம். சந்தா திரட்டியது அண்ணி. கேட்டால், "சொல்லக்கூடாதுன்னு சத்தியம் தம்பி" என்பதோடு சரி.

மறுநாள் காலையில் ஓய்வுபெற்ற டீச்சர் வாசலில் நின்றார்.

"என்னை எதுக்கு முதல்ல போட்டீங்க? கல்யாணமான நாள்லேர்ந்து மறைச்சு வச்ச வயசு! எங்க வீட்டுக்காரர் பேரு எனக்கு ரெண்டு வரி கீழே இருக்கு. நேத்துலேர்ந்து என்னை அக்கான்னு கூப்பிடுறார்!"

ஒட்டியதையெல்லாம் சர்வேயரே கிழித்தார். கிழித்த வேகத்தில் முன்னுரையும் கூடவே வந்துவிட்டது.

இனி ஒரே வழிதான். வெளியீட்டு விழா வைத்துவிட்டால் ஒவ்வொருவர் கையிலும் திணித்துவிடலாம். சும்மா கூப்பிட்டால் எவன் வருவான்? எட்டு முழத்தில் ஒரு துணி வாங்கி, மண்டபத்து வாசலில் எழுதிக் கட்டினார்: 'ஞாயிறு காலை முழுப் புத்தகத்தையும் பிரசங்கியாரே வாசித்துக்காட்டுவார். முடிந்த பிறகு பிரதிகள் வழங்கப்படும்.'

எழுத்து காய்வதற்குள் அவர் வீட்டுக் கூடம் நிறைந்துவிட்டது. உட்கார இடமில்லாமல் புத்தக அடுக்கின்மேலேயே சிலர் உட்கார்ந்தார்கள்.

"சந்தாவைத் திருப்பிக் கொடுங்க," என்றார் தையல்காரர்.

"எதுக்கு? பக்கம் குறையுதா? எழுத்துப் பிழையா? கிழிஞ்ச முன்னுரைதானே, நானே ஒட்டித் தர்றேன்!"

"ஒட்டவும் வேணாம், வெட்டவும் வேணாம். வாக்குத் தவறிட்டீங்க சார்."

சர்வேயருக்கு முதுகு ஒரு அங்குலம் நிமிர்ந்தது. "வாக்கா? எங்க வம்சத்திலேயே வாக்குத் தவறினவன் கிடையாது! யாரு கொடுத்தா? என்ன வாக்கு? சபையில சொல்லு!"

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு, பேசிவைத்தாற்போல, சமையலறைப் பக்கம் பார்த்தார்கள்.

உள்ளறையில் பிரசங்கியார் கனைத்துத் தொண்டையைச் சரிசெய்தார். "முதலாவதாக..." என்று ஒத்திகை ஆரம்பமாயிற்று. டீச்சரின் கணவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

ஈரக் கையைத் துடைத்தபடி அண்ணி வெளியே வந்தார்.

"அவங்களைத் திட்டாதீங்க தம்பி. புத்தகமா வந்துட்டா அப்புறம் வாயால சொல்லமாட்டார்னு வீடு வீடா ஏறி வாக்குக் கொடுத்தது நான்தான். அந்தப் பத்துப் பிரதிக்கு என் வளையல் ரெண்டு போச்சு."