தங்கக்கப்பல் வீட்டு சிங்க்

“ஐயோ, என் மோதிரம்!”

மனைவியின் குரல் கேட்டுத் தங்கக்கப்பல் செய்தித்தாளைப் போட்டுவிட்டுச் சமையலறைக்கு ஓடினார். அவள் சிங்க் ஓரமாகக் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். சிங்க்கில் தண்ணீர் என்றும்போல அன்றும் இறங்காமல் தேங்கிக் கிடந்தது.

தங்கக்கப்பல் என்பது தெரு வைத்த பெயர். என்றோ புயலில் மூழ்கிய நீராவிக் கப்பல் ஒன்றிலிருந்து தங்கக் கட்டிகளை மேலே கொண்டுவந்தார்களே, அந்தக் கூட்டத்தில் முதலில் கடலுக்குள் இறங்கியவர் இவர்தான். அன்றிலிருந்து வீட்டில் ஓர் ஆணி அடிக்கச் சொன்னால்கூட, “கடலடியில தங்கம் தூக்கினவன்கிட்ட சொல்ற வேலையா இது?” என்பார்.

“எந்த மோதிரம்?”

“முதல் சம்பளத்துல நீங்க வாங்கிக் கொடுத்தது. சோப்பு நுரையில வழுக்கிடுச்சு.”

கப்பல் தங்கமெல்லாம் யார் யாருக்கோ போயிற்று. தன் தங்கம் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு இருந்தது அது ஒன்றுதான்.

“பதறாதே. தங்கம் கனம். விழுந்த இடத்தை விட்டு நகராது. கப்பலையே அப்படித்தான் தேடினோம்.”

சிங்க்குக்கு அடியில் நுழைந்து வளைவுக் குழாயைத் திருகினார். கறுப்புத் தண்ணீர் அவரைத் தலையோடு குளிப்பாட்டியது. கூடவே ஒரு கரண்டி, ஒரு டப்பா மூடி, இன்னதென்று தெரியாத பிசுக்கு. மோதிரம் இல்லை.

“நகராதுன்னீங்க?”

“நீ தண்ணியைத் திறந்துவிட்டிருக்கே. நீரோட்டம் இழுத்துட்டுப் போயிருக்கும்.”

நீரோட்டத்தைத் துரத்திக்கொண்டு சுவர்க் குழாயைப் பிடித்து இழுத்தார். பழைய குழாய், பாதி கையோடு வந்துவிட்டது. முகம் கழுவலாமென்று மறதியாக மேலே தண்ணீரைத் திறந்தார். அது நேராகத் தரையில் கொட்டியது.

கீழ்வீட்டுக்காரி டார்ச்சோடு ஏறி வந்தாள். “அண்ணே, எங்க அடுப்புமேல மழை பெய்யுது!”

“மீட்புப் பணி நடக்குதும்மா. கொஞ்சம் பொறுத்துக்கோ.”

“பொறுத்துக்கிட்டுத்தான் இருக்கேன், அண்ணே” என்று அவள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டாள்.

உடைந்த குழாயை அப்படியே விட முடியுமா? கடைக்கு ஓடிப் புதுக்குழாய் வாங்கி வந்தார். கம்பியை விட்டுக் குத்திக் குத்தி, அடைப்பு முழுவதையும் கொல்லைப்புறத்துக்குத் தள்ளினார். வந்த சேற்றை அள்ளிச் சலித்தார்.

“ஐயையோ, அது மாவு சல்லடை!” என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அந்த அலறல் மட்டும் அடிவயிற்றிலிருந்து வந்தது.

சாயங்காலம் புதுக்குழாய் பூட்டியாயிற்று. மோதிரம்தான் கிடைக்கவில்லை. ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஊரான் தங்கத்தையெல்லாம் தூக்கினேன். உன்னோட ஒரே ஒரு மோதிரத்தை விட்டுட்டேனே!”

குரல் உடைந்தது. அதற்குமேல் மனைவிக்குத் தாங்கவில்லை. சிங்க் மேலிருந்த சோப்பு டப்பாவைத் தூக்கினாள்.

“என்னங்க, இங்கேயே இருக்கு!”

அவர் துள்ளி எழுந்தார். “நான்தான் சொன்னேனே! தங்கம் விழுந்த இடத்தை விட்டு நகராது!”

வாயெல்லாம் பல்லாகக் குளிக்கப் போனார். குளியலறையிலிருந்து பாட்டுக்கூடக் கேட்டது.

கீழ்வீட்டுக்காரி டார்ச்சை அணைத்தாள். சிங்க்கில் தண்ணீரைத் திறந்துவிட்டு, அது மடமடவென்று இறங்குவதைக் கண்குளிரப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

“அக்கா, மொட்டைமாடித் தொட்டியும் ரொம்ப நாளா ஒழுகுது. அதுக்குள்ள எதைப் போடப் போறீங்க, வளையலையா, தோட்டையா?”