அலமாரியில் உள்ளது

ஒரு புத்தகம் கையில் இருந்தால் அது இருக்கிறது என்றும், கையில் இல்லாவிட்டால் இல்லை என்றும் மனிதகுலம் நம்பிக்கொண்டிருந்த இருண்ட காலம் ஒன்று உண்டு, கண்ணுகளா. அந்த மூடநம்பிக்கையை ஒழித்துக்கட்டிய பெருமை, இரண்டாயிரத்துப் பதினொன்றாம் ஆண்டு, போர்ட் பிளேரில் ஹேடோ துறைமுகத்துக்குச் சற்றுக் கீழே இருந்த அலையாத்திப் பல்கலைக்கழக நூலகத்தையே சாரும்.

ஒழித்தவர் பெயர் 'சாகர்-ஞான்', இந்தியில் கடல் ஞானம். ஆள் அல்ல, கணினித் தேடுமுறை. மெயின்லேண்டிலிருந்து விமானத்தில் வந்தது. அதைப் பெற்றெடுத்த நிபுணர் சந்திரமோகனும் கூடவே வந்தார். தலைமை நூலகர் திருநாவுக்கரசு இருவருக்கும் மாலை போட்டார். கணினிக்குப் போட்ட மாலை கொஞ்சம் பெரியது.

"இனிமேல் இங்கே யாரும் புத்தகம் தேட வேண்டியதில்லை" என்று சந்திரமோகன் முழங்கினார். "சாகர்-ஞான் தேடும்!"

பின்வரிசையில் நின்று கைதட்டியவர்களில் மரகதம் ஒருத்தி. இருபத்திரண்டு வருடமாக அங்கே அட்டெண்டர். எந்தப் புத்தகம் எந்தத் தட்டில் என்று மூக்கை வைத்தே சொல்லிவிடுவாள். மூக்கு என்றால் நிஜமான மூக்குதான். சுனாமியன்று கீழ்த்தளத்தில் கழுத்தளவு தண்ணீர் ஏறி இறங்கியது. மூவாயிரம் புத்தகங்கள் அதோடு போய்விட்டன. சேற்றில் சிக்கிக் கிடந்த இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கை மரகதம் பொறுக்கியெடுத்து, மொட்டைமாடியில் கயிறு கட்டி, நெத்திலி காயப்போடுவதுபோல் விரித்துப்போட்டு, மூன்று மாதம் திருப்பித் திருப்பிக் காயவைத்தாள். அன்றிலிருந்து நூலகத்தில் அவற்றுக்குப் பெயர் 'கருவாடு'. மழை பெய்தால் அந்த அலமாரிப் பக்கம் பூனை வரும்.

பதிவேடுகள் இரண்டு இருந்தன. முதல் பதிவேடு மாடியில் இருந்ததால் பிழைத்தது. அதில் எழுதியிருந்த புத்தகங்கள் கடலோடு போயின. இரண்டாம் பதிவேடு கடலோடு போனது; அதில் எழுதியிருந்த புத்தகங்கள்தாம் கருவாடாகிப் பிழைத்தன. இயற்கைக்கும் அலுவலக ஒழுங்கு உண்டு என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? திருநாவுக்கரசு அப்போதே, போன புத்தகம் ஒவ்வொன்றின் பெயர்மீதும் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, முறைப்படி காரியம் செய்து முடித்திருந்தார். பிழைத்தவற்றை மரகதம் ஒரு கோடுபோட்ட நோட்டில் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தாள்.

சந்திரமோகன் பழைய பதிவேடுகளைத் தொடும் வழக்கமில்லாதவர். பிழைத்த முதல் பதிவேட்டை அபர்டீன் பஜாருக்கு அனுப்பி ஜெராக்ஸ் எடுக்கவைத்தார். அந்தக் கடை மெஷினின் கண்ணுக்குக் கறுப்பு மட்டும்தான் தெரியும். சிவப்புக் கோடு ஒன்றுகூட விழவில்லை. ஆறு பேர் ஆறு வாரம் உட்கார்ந்து அந்த ஜெராக்ஸைப் பார்த்துத் தட்டினார்கள். கடலடியில் கிடந்த மூவாயிரம் புத்தகங்களும் 'அலமாரியில் உள்ளது' என்று உயிர்த்தெழுந்தன. மகான்கள் ஒன்றிரண்டு பேரைத்தான் எழுப்பியிருக்கிறார்கள்.

மரகதம் தன் நோட்டை நீட்டினாள். "சார், இதையும் ஏத்திடுங்க. இதெல்லாம் பொழைச்ச புத்தகம்."

சந்திரமோகன் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார். "பதிவு எண் இருக்காம்மா?"

"எண்ணு கடல்ல போயிடுச்சு சார். புத்தகம் இருக்கு."

"எண் இல்லேன்னா புத்தகம் இல்லம்மா. எண்தான் புத்தகம். மத்ததெல்லாம் காகிதம்."

அந்தத் தத்துவத்தின் சூடு ஆறுமுன்பே சுற்றறிக்கை வந்தது: சாகர்-ஞானில் இல்லாத காகிதங்களைத் திங்கட்கிழமை 'கழிவகற்றும் குழு' வந்து அள்ளிப்போகும்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நாகலிங்கம் வந்தார், மகள் உதயாவோடு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்குச் சிறுவயதில் கப்பலேறி வந்தவர். சுனாமி அவருடைய வீட்டையும், அண்ணனையும், ஒரு தகரப்பெட்டி நிறையக் காகிதங்களையும் கொண்டுபோயிருந்தது. உதயாவுக்குத் தீவுவாசி ஒதுக்கீட்டில் நர்சிங் படிக்க இடம் உண்டு. தீவுவாசி என்று நிரூபிக்க வேண்டும். அன்று மாலை நான்கு மணிக்குள்.

"கச்சாலுக்கு ஆளுங்கள கொண்டாந்த ரிப்போர்ட்டு ஒன்னு இருக்காம் தங்கச்சி. அதுல எங்கப்பா பேரு, எம்பேரு எல்லாம் போட்டிருக்காம். பக்கத்த ஜெராக்ஸ் போட்டு, லைப்ரரி சிலிப்போட லாவோ, கொண்டான்னு ஆபீஸ்ல சாப் சொல்லிட்டாரு."

மரகதம் தேடவில்லை. நடந்தாள், முகர்ந்தாள், எடுத்தாள். எண்பத்தெட்டாம் பக்கம், உப்புப் பூத்த தாளில்: முருகையா, மனைவி அன்னம்மாள், மகன்கள் அழகர்சாமி, நாகலிங்கம். நாகலிங்கத்துக்கு வயது ஒன்பது. உதயா அந்த ஒன்பதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

சிலிப் தருவது சாகர்-ஞான் மட்டுமே. திருநாவுக்கரசின் அறையில் அறிக்கையின் பெயரைத் தட்டினார்கள். வெளியே மழை. மழை பெய்தால் இணையம் ஈரமாகிவிடும். திரையில் ஒரு வட்டம் சுற்றியது, சாப்பாட்டு நேரமும் தாண்டிச் சுற்றியது. கடைசியில் விடை வந்தது: 'அப்படி ஒரு நூல் இல்லை.'

"சார், என் கையில இருக்கு."

"உங்க கையில இருக்கலாம் மரகதம். நூலகத்துல இல்லையே."

"இந்தாங்க, உங்க மேஜை மேல வெச்சிட்டேன்."

"அரே, எடுங்க, எடுங்க! இல்லாத புத்தகத்த மேஜையில வெக்காதீங்க. நிபுணர் பார்த்தா என்ன நெனைப்பார்?"

நாகலிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கதையும் இதான் தங்கச்சி. செத்துப்போன எங்கண்ணனுக்கு வோட்டு சிலிப்பு வருது. நான் உசுரோட நிக்கிறேன், எனக்கு வரல."

உதயா சிரிக்கவில்லை. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டே முக்கால்.

மரகதம் வெளியே வந்து, கவுண்டர் கணினி முன் உட்கார்ந்தாள். சுனாமியன்று அலையில் மிதந்து போனதைத் தன் கண்ணாலேயே பார்த்த ஒரு புத்தகத்தின் பெயரைத் தட்டினாள்: 'கடலாமைகளின் முட்டையிடும் பழக்கங்கள்'. வட்டம் ஒரே சுற்றுதான் சுற்றியது. 'அலமாரியில் உள்ளது.' பார்கோடு போட்ட சிலிப் விழுந்தது. நூலக முத்திரையை ஓங்கிக் குத்தி, சாப்பாட்டு நேரத்தில் உதயா பஜாரில் எடுத்துவந்திருந்த எண்பத்தெட்டாம் பக்கத்தின் ஜெராக்ஸோடு சேர்த்துப் பின் அடித்தாள்.

"அத்தே, இதுல ஆமைன்னு போட்டிருக்கே!" என்றாள் உதயா.

"சிலிப்பு இருக்கான்னுதான் பாப்பாங்க புள்ள. படிக்க மாட்டாங்க."

"படிச்சிட்டா?"

"படிச்சா அந்த ஆபீஸ்லயே படிச்ச மொத ஆளுன்னு அவருக்கு மாலை போடுவோம். ஓடு, ஆட்டோ நிக்குது."

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் குமாஸ்தா காகிதத்தை வாங்கினார். "சிலிப் ஹை, சீல் ஹை. சப் டீக், எல்லாம் சரி." கோப்பில் எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதினார்: 'மனுதாரர் குடும்பம் தீவுவாசிகளே. ஆதாரம்: கடலாமைகளின் முட்டையிடும் பழக்கங்கள், பக்கம் 88.' உதயாவுக்கு இடம் கிடைத்தது.

"சரியாத்தான் எழுதியிருக்காரு" என்றார் நாகலிங்கம், அன்று மாலையே செய்தி சொல்ல வந்தபோது. "ஆமையும் கடல் தாண்டி வந்துதானே எறங்குது. அதுகிட்ட யாரும் காகஜ் கேக்கறதில்ல."

மரகதத்துக்கு அங்கேதான் வழி பிறந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் இரவு பகலாக உட்கார்ந்து, மூழ்கிய புத்தகங்களின் சிலிப்புகளாக இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு அச்சடித்து, கருவாடுகளின் முதுகில் ஒவ்வொன்றாக ஒட்டினாள். திங்கட்கிழமை கழிவகற்றும் குழு வந்தது. கைக்கருவியை முதுகில் வைத்தார்கள், 'பீப்' என்றது. அடுத்தது, 'பீப்'. ஒரு அட்டையைக்கூட ஒருவரும் திறக்கவில்லை. திறந்தால் வாடை வரும் அல்லவா? அகற்ற ஒன்றுமில்லை என்று கையெழுத்திட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள். அந்த வருடம் வேதியியல் கேட்ட ஒரு மாணவருக்குத் தென்னை உரம் பற்றிய புத்தகம் கிடைத்தது. அவர் அதைப் படித்துத் தேர்விலும் தேறிவிட்டார் என்றால், நம் பல்கலைக்கழகத்தின் தரம் விளங்கும்.

அடுத்த மார்ச்சில் விருது வந்தது. 'பேரிடரிலும் ஒரு நூலைக்கூட இழக்காத நூலகம்' என்று பித்தளைக் கேடயத்தில் பொறித்திருந்தார்கள். விழாவுக்கு நாகலிங்கமும் வந்திருந்தார். மரகதத்துக்கென்று ஒரு பொட்டலம் லட்டு கொண்டுவந்து, அவளோடு பின்வரிசையில் உட்கார்ந்தார்.

மேடையில் சந்திரமோகன் தொண்டையைக் கனைத்தார். "இந்த வெற்றியைத் தொடர்ந்து, இதே முறையில், இதே குழுவைக் கொண்டு, சுனாமியில் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் அனைத்தையும் சாகர்-ஞானில் ஏற்றப்போகிறோம்!"

கைதட்டல் கூரையை அதிரவைத்தது. நாகலிங்கம் கைதட்டவில்லை. மரகதத்தின் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்:

"கடல் ஒருநாள் காலைல வந்துச்சு, அன்னைக்கே திரும்பிப் போயிருச்சு. இவங்க எப்ப போவாங்க, தங்கச்சி?"