தேனீ துரத்திய சிப்பாய் விஷயமாக

ஓஹையோ, 1884 மே 19

'நீலச்சட்டை' வாரப் பத்திரிகை ஆசிரியர் திரு. வைமன் அவர்கள் சமூகத்துக்கு, உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் மூன்று வருஷம் துப்பாக்கி சுமந்த லெமுவல் ஸ்டிக்னி தொப்பியைக் கழற்றி எழுதிக்கொண்டது. உங்கள் சென்ற வார இதழ் வரும்வரை நலமாகத்தான் இருந்தேன்.

ஐயா, அதில் எங்கள் சார்ஜென்ட் ஆரின் பெல், ஃபிரெடரிக்ஸ்பர்க் சண்டையில் 'ஸ்டிக்னி துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஆற்றை நோக்கி ஓடினான்' என்று எழுதியிருக்கிறார். என்ன அநியாயம் இது! போருக்கு முன் குதிரைகளுக்கு லாடம் அடித்தவன் நான். உதை வாங்காத விலா எலும்பு என்னிடம் கிடையாது. நானா பயந்து ஓடுவேன்? எதிரியின் பீரங்கிக் குண்டு ஒரு தோட்டத்துத் தேனீப் பெட்டிகள்மேல் விழுந்தது, அத்தனை தேனீயும் கிளம்பி என் சட்டைக்குள் புகுந்தது, தேனீ துரத்தினால் தண்ணீரைத் தேடி ஓடுவதுதானே புத்தி, ஆறு நம் படைக்குப் பின்னால் இருந்தால் அதற்கு நானா பொறுப்பு? வீடு திரும்பிய நாள்முதல் ஊரில் எல்லோருக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன். ஒருத்தர்கூடச் சந்தேகப்பட்டதில்லை.

இந்த மாதம் முப்பதாம் தேதி, இறந்த தோழர்களின் கல்லறைக்குப் பூ வைக்கும் ஊர்வலம். பதினோரு வருஷமாக முன்னால் கொடி பிடித்துப் போகிறவன் நான். நேற்று பழைய சிப்பாய்கள் சங்கத்துல கூப்பிட்டு, "கோவிச்சுக்காத லெம், இந்த வருஷம் ஃபினியாஸ் பிடிக்கட்டும்"னு சொல்றாங்க ஐயா! அவன் யாரு? சண்டை முடியற மாசம் படையில சேர்ந்து, கிடங்குல உருளைக்கிழங்கு உரிச்சவன். அவன் என்னைப் பார்த்து, "கொடியோட ஓடிட்டீன்னா யாருய்யா தேடறது?"ங்கறான்.

ஆகவே, அடுத்த இதழிலேயே மறுப்பு வெளியிட வேண்டியது. உங்கள் குடும்பமும் அச்சு இயந்திரமும் பழுதில்லாமல் இயங்க ஆண்டவர் துணை.

இப்படிக்கு,
லெமுவல் ஸ்டிக்னி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் என் மனைவி ஹல்டாவிடம் படித்துக் காட்டினேன். இருபது வருஷமாகத் தேனீ வளர்க்கிறவள். "ஏங்க, அந்தச் சண்டை டிசம்பர்லதானே நடந்தது? அந்தக் குளிர்ல கூடு உடைஞ்சா தேனீ கொத்தா விழுந்து சாகும். துரத்தாது" என்றாள்.

"இத்தனை நாளா ஏன்டி சொல்லல?"

"அந்தக் கதை இல்லாட்டி உங்களுக்குத் தூக்கம் வராதுன்னு தெரியும்."

ஐயா, மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். ஓடினேன். பக்கத்தில் நின்றவன் தலை போனதும் ஓடினேன். மறுநாள் காலை வருகைப் பதிவுக்குத் திரும்பி வந்து, அப்புறம் இரண்டு வருஷம் எங்கேயும் ஓடாமல் நின்றேன். இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். முதல் பாதியை மட்டும் போட்டால் நேரில் வருவேன்.