இடுப்பில் கயிறு கட்டிய உபதேசியார்

ஆம்பூரில் அந்தக் காலத்தில் பாம்புக்குப் பயந்தவர்கள் உண்டு, போலீசுக்குப் பயந்தவர்கள் உண்டு, மாமியாருக்குப் பயந்தவர்களும் உண்டு. அத்தனை பேருடைய பயத்தையும் மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்தவர் எங்கள் கயிற்று உபதேசியார்தான். சொந்தப் பெயர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாருக்காவது ஞாபகம் இருந்ததோ என்னவோ.

சின்ன வயதில் கிணற்றில் விழுந்து பிழைத்தவராம். அதிலிருந்து இடுப்பில் எப்போதும் ஒரு நீளமான கயிறு. தண்ணீர் சேந்தப் போனால் அதன் முனையைத் தூணில் கட்டிவிட்டுத்தான் வாளியைத் தொடுவார். பாலாற்றைத் தாண்ட மாட்டுவண்டியில் ஏறினால் வண்டியோடு தன்னைக் கட்டிக்கொள்வார். ஆற்றில் மணலைத் தவிர ஒன்றும் இருக்காது என்பது வேறு விஷயம்.

போதாததற்கு வாய்விட்டு ஜெபம் வேறு. "ஆண்டவரே, பயமா இருக்குது, புடிச்சிக்குங்க." நாய் குரைத்தாலும் அதுதான், இடி இடித்தாலும் அதுதான். பிரசங்க மேடையில் ஏறும்போதும் அதையே சொல்வார். சபையில் பாதிப்பேர் சிரிப்பை அடக்க இருமுவோம்.

நானும் என் அண்ணனும் அப்போது தோல் பதனிடும் ஒரு மண்டியில் வேலை பார்த்தோம். மத்தியானத்தில் கிறிஸ்தவ ஆட்களுக்கு ஜெபம் நடத்த உபதேசியார் வருவார். முற்றமெல்லாம் சுண்ணாம்புக் குழி, தோல் ஊறும் பட்டைத் தொட்டி. மனுஷன் வாசல் வேப்பமரத்தில் கயிற்றைக் கட்டிவிட்டுத்தான் உள்ளே நடப்பார். தோல் சுமக்கிறவர்கள் அதில் தடுக்கி விழுந்து அவரைத் திட்டாத நாளில்லை.

முதலாளி சாயபு ஒருநாள் கேட்டே விட்டார்: "இன்னா உபதேசியாரே, உங்க சாமி மேலே நம்பிக்கை கம்மியா? கயிறு ஜாஸ்தியா இருக்குதே?"

"நம்பிக்கை இருக்குது சாயபு. தைரியம்தான் இல்லே. அது இருந்தா அவரைக் கூப்பிட மறந்துடுவேன்."

என் அண்ணன் நேர் எதிர். ஈரத்தோல் கட்டை ஒற்றை ஆளாகத் தூக்குகிறவன், பயம் என்றால் கிலோ என்ன விலை என்பான். ஒரு மத்தியானம், மழைக்காலம் முழுக்கப் பலகை போட்டு மூடிவைத்திருந்த கழிவுக்குழியைச் சுத்தம் செய்ய, பலகையைத் தள்ளிய கையோடு இறங்கினான். கொஞ்ச நேரம் காற்றாடட்டும் என்று நான் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. அடியில் கால் வைத்தவன் அப்படியே சரிந்தான்.

விஷக்காற்று. குதிக்கப் போனேன். சட்டையை யாரோ பிடித்து இழுத்தார்கள். பார்த்தால், ஜெபத்துக்கு வந்திருந்த உபதேசியார்.

"நீயும் போனா ரெண்டு பேரு. இடுப்பிலே கயிறு கட்டியிருக்கிறவன் நான்தானே."

அவர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. மரத்திலிருந்து கயிற்றை அவிழ்த்து சாயபு கையிலும் என் கையிலும் கொடுத்தார். இன்னொரு கயிற்றின் ஒரு முனையை மண்டி ஆட்களிடம் கொடுத்து, மறுமுனையைத் தான் வைத்துக்கொண்டு, துண்டை நனைத்து மூக்கில் கட்டினார்.

"நான் கத்திக்கினே இருப்பேன். சத்தம் நின்னுதுன்னா இழுத்துடுங்க. புடிச்சிக்கினு இருக்கிறீங்களா?"

இருக்கிறோம் என்றோம். இறங்கினார். "ஆண்டவரே, பயமா இருக்குது, புடிச்சிக்குங்க." நாங்கள் வருஷக்கணக்காகச் சிரித்த அதே வார்த்தை. அன்றைக்கு அது நின்றுவிடக் கூடாதே என்று என் உயிர் துடித்தது. சத்தம் கீழே போகப்போக மெலிந்தது. அண்ணன் அக்குளில் கயிற்றைக் கோர்க்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. "ஆண்டவரே, பயமா..."

நின்றுவிட்டது.

மண்டி ஆட்கள் ஒரு கயிற்றை இழுக்க, சாயபுவும் நானும் மற்றதை இழுத்தோம். சாயபு அல்லாவைக் கூப்பிட்டார், நான் இயேசுவைக் கூப்பிட்டேன். இரண்டு பேரையும் முற்றத்தில் கிடத்தித் தண்ணீர் தெளித்தோம். அண்ணன் முதலில் இருமினான். உபதேசியார் வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, குழியிலிருந்து எவ்வளவு தூரத்தில் படுத்திருக்கிறோம் என்று பார்த்தார். பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னார்.

அதற்குப் பிறகும் அவர் மாறவில்லை. எலிக்குக்கூடப் பயந்தார். ஆனால் அந்த ஜெபத்துக்குச் சபையில் ஒருவரும் இருமவில்லை.

வயதாகி, படுக்கையில் நிம்மதியாகத்தான் போனார். கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்க நான்கு பேர் கயிறு பிடித்தோம். குழி ஆழமாக இருந்தது. பெட்டி பாதி இறங்கும்போது, எதற்கும் அழாத என் அண்ணன் குனிந்து உள்ளே பார்த்துச் சொன்னான்:

"பயப்படாதீங்க உபதேசியாரே. புடிச்சிக்கினு இருக்கிறோம்."